ஜெர்மனியில் சுயதொழில்: பப்ளிக் காப்பீடா, பிரைவேட்டா?

ஜெர்மனியில் சம்பள வேலையை விட்டு ஃப்ரீலான்சராக மாறியபோது நான் பப்ளிக் மருத்துவக் காப்பீட்டிலேயே இருந்துவிட்டேன். ஏறக்குறைய அதே சமயத்தில் தனியாகத் தொழில் தொடங்கிய நண்பர்கள் சிலர் பிரைவேட்டுக்குப் போனார்கள். இரண்டு பக்கமும் கணக்கு எப்படி ஓடுகிறது என்று இப்போது ஓரளவு தெரிகிறது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பம் உள்ளவர்களுக்கும், வருமானம் ஏறி இறங்கும் தொழிலில் இருப்பவர்களுக்கும் பப்ளிக்தான் சரி.

எல்லோரும் சொல்லும் விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பிரைவேட் அட்டை இருந்தால் சிறப்பு மருத்துவரிடம் பெரும்பாலும் சீக்கிரம் நாள் கிடைக்கும். பப்ளிக்கில் காத்திருக்க வேண்டும். பிரைவேட்டில் மருத்துவர் பில்லை நாம் கட்டி, பிறகு நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ள வேண்டும். பப்ளிக்கில் அட்டையை நீட்டினால் போதும். இளவயதில், நல்ல உடல்நிலையில் சேர்பவருக்குப் பிரைவேட் மலிவு. இதிலெல்லாம் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இந்தத் தேர்வே சிலருக்குக் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். பப்ளிக்கில் விருப்ப உறுப்பினராக (சட்டக் கட்டாயம் இல்லாமல் தாமே விரும்பி இருப்பவராக) புதிதாகச் சேர, கடைசி ஐந்து ஆண்டுகளில் 24 மாதங்களோ, உடனே முந்தைய 12 மாதங்கள் தொடர்ச்சியாகவோ அந்த அமைப்பில் இருந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் அரசுக் காப்பீட்டுக் காலம் இதில் சேரும். இந்தியாவில் எடுத்த பாலிசி சேராது. ஆகவே ஊரிலிருந்து நேரடியாக ஃப்ரீலான்ஸ் விசாவில் வந்து இறங்குபவருக்குப் பெரும்பாலும் பிரைவேட் மட்டுமே வழி. அவர்களில் பலர் மலிவு என்று வெளிநாட்டவருக்கான தற்காலிக பாலிசி எடுக்கிறார்கள். அவற்றில் பல ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிடும். நிரந்தரமாக வசிக்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது, பப்ளிக்குக்கு நிகரான, காலவரம்பில்லாத பாலிசியைத்தான் கேட்பார்கள். ஓரிரு ஆண்டு சம்பள வேலை பார்த்துவிட்டுத் தனியாகப் போவது இந்த ஒரு காரணத்துக்காகவே நல்லது என்பேன்.

சரி, எண்களுக்கு வருவோம். 2025-ஆம் ஆண்டின் விகிதங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் இவை மாறும். நோய்க்கால உதவித்தொகை இல்லாத அடிப்படை விகிதம் 14.0 சதவீதம். அதன்மேல் ஒவ்வொரு நிதியமும் (பப்ளிக் காப்பீட்டை நடத்தும் அமைப்பு) வாங்கும் கூடுதல் தொகை, சராசரியாக 2.5. முதுமையிலோ நோயிலோ பிறர் உதவி தேவைப்படும் நிலைக்கான பராமரிப்புக் காப்பீடு குழந்தை இல்லாதவருக்கு 4.2. மொத்தம் 20.7 சதவீதம். ஊழியருக்கு இதில் பாதியளவை முதலாளி கட்டுவார். நமக்கு முழுவதும் நம் பையிலிருந்துதான். மாதம் 3,000 யூரோ லாபம் என்றால் 621 யூரோ போகும். உச்சவரம்பான 5,512.50 யூரோவில் கிட்டத்தட்ட 1,141 யூரோ. அதற்குமேல் எவ்வளவு சம்பாதித்தாலும் ஏறாது. மறுபக்கம், வருமானமே இல்லாவிட்டாலும் 1,248.33 யூரோ இருப்பதாகக் கணக்கில் கொண்டு, ஏறக்குறைய 258 யூரோ வாங்கிவிடுவார்கள்.

621 என்ற எண்ணைப் பார்த்ததும் பிரைவேட் முகவரின் கணக்கு இனிக்கும். ஆனால் இந்த முதல் மாத எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. பார்க்க வேண்டியது, வருமானம் விழும் ஆண்டில் பிரீமியம் என்ன ஆகும் என்பதை.

பப்ளிக்கில் பிரீமியம் வரி மதிப்பீட்டு ஆணையின் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. வரி அலுவலகமான ஃபினான்ஸாம்ட் கடைசியாக அனுப்பிய ஆணையில் உள்ள லாபத்தை வைத்து நிதியம் ஒரு தற்காலிகத் தொகையைச் சொல்லும். அந்த ஆண்டுக்கான ஆணை பின்னால் வந்ததும் உண்மையான கணக்கைப் போட்டு, கூடக் கட்டியிருந்தால் திருப்பித் தரும், குறைவென்றால் மீதியைக் கேட்கும். 2018 முதல் இதுதான் முறை. வருமானம் முந்தைய கணக்கைவிடக் கால்பங்குக்கு மேல் விழுந்தால், வருடம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வரி முன்பணத்தைக் குறைக்கச் சொல்லி ஃபினான்ஸாம்ட்டுக்கு எழுதி, அவர்கள் தரும் திருத்திய முன்பண ஆணையை நிதியத்துக்கு அனுப்பினால், பிரீமியமும் இறங்கும். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் 10-ஆம் தேதி கட்ட வேண்டிய வரி முன்பணமும், மாதாமாதம் போகும் காப்பீடும் ஒரே கடிதத்தில் குறைகின்றன. எனக்குப் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தத்தை நிறுத்திய காலத்தில் மூச்சுவிட வைத்தது இந்த ஏற்பாடுதான்.

இதற்கு இரண்டு நிபந்தனைகளை மனத்தில் வைக்க வேண்டும். வரிக் கணக்கைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்று ஆண்டுக்குள் ஆணையை அனுப்பாவிட்டால் அந்த ஆண்டுக்கு உச்சவரம்புத் தொகையைப் போட்டுவிடுவார்கள். அப்புறம், நல்ல வருடத்தில் வரும் பணத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். ஏனெனில் வரி பாக்கியும் காப்பீட்டு பாக்கியும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நான் தொழில் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, ஒவ்வொரு பில்லுக்கும் பணம் வந்தவுடன் ஒரு பகுதியை அங்கே தள்ளிவிடுகிறேன்.

பிரைவேட்டில் இந்த நெளிவு கிடையாது. பிரீமியம் உங்கள் வயதையும், சேரும்போதிருந்த உடல்நிலையையும், எடுத்த திட்டத்தையும் பார்க்கும். நீங்கள் சம்பாதித்தீர்களா என்று பார்க்காது. வேலை இல்லாத மாதத்திலும் அதே தொகை. முதுமைக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்து வைக்கிறார்கள், 21 முதல் 60 வயதுவரை 10 சதவீதம் கூடுதலாகவும் வாங்குகிறார்கள். இருந்தாலும் உயர்வுகள் சில ஆண்டுகள் அமைதியாக இருந்துவிட்டு, ஒரே தாவாக வரும். கட்ட முடியாமல் போனால் நெருக்கடித் திட்டம் என்று ஒன்று உண்டு. அதில் திடீரெனத் தாக்கும் நோய்க்கும் வலிக்கும் பேறுகாலத்துக்கும் மட்டுமே சிகிச்சை.

அப்போது பப்ளிக்குக்குத் திரும்பலாமே என்றால், சுயதொழிலில் இருந்துகொண்டு முடியாது. தொழிலை விட்டு, பப்ளிக் கட்டாயமாகும் ஆண்டு வரம்புக்குக் கீழே (2025-இல் 73,800 யூரோ) சம்பளம் உள்ள வேலையில் சேர வேண்டும். 55 வயதைத் தாண்டி, கடைசி ஐந்து ஆண்டுகளும் பிரைவேட்டில் இருந்திருந்தால், அந்த வேலை கிடைத்தாலும் கதவு பொதுவாக மூடியதுதான். முப்பது வயதில் கையெழுத்திடும்போது யாரும் 55-ஐ நினைப்பதில்லை. ஆனால் இந்தத் தேர்வின் முழு எடையும் அங்கேதான் இருக்கிறது. பப்ளிக்கில் தொடர்பவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. உழைத்த காலத்தின் பின்பாதியில் பத்தில் ஒன்பது பங்கு அங்கே இருந்திருந்தால், ஓய்வூதியக் காலத்தில் வீட்டு வாடகை, வட்டி ஆகியவற்றின்மேல் பிரீமியம் விழாது.

உழைக்கும் காலத்தில் விழும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விருப்ப உறுப்பினருக்குத் தொழில் லாபத்தோடு வாடகை வருமானமும் வட்டியும் கணக்கில் வரும். ஊரில் வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

வரிப் பக்கம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் முதலில் தோன்றும். 2010 முதல் அடிப்படை மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் கட்டும் தொகை முழுவதையும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம். இது தொழில் செலவில் சேராது, தனிப்பட்ட சிறப்புச் செலவாகத்தான் கழியும். மாதம் 621 கட்டுபவர் ஆண்டுக்கு 7,452 யூரோ கழிக்கிறார். 36,000 யூரோ லாபம் உள்ள தனி ஆளுக்கு இதனால் 2,000 யூரோவுக்கு மேல் வரி மிச்சம். பிரைவேட்டில் தலைமை மருத்துவர், தனி அறை போன்ற வசதிகளுக்கான பகுதி இந்தக் கழிவில் வராது. பிரீமியத்தைக் குறைக்கப் பலர் ஆண்டுக்கு இவ்வளவு செலவை நானே ஏற்கிறேன் என்று எழுதிக்கொடுக்கிறார்கள். அப்படிக் கையிலிருந்து கட்டும் பணமும் சிறப்புச் செலவாகக் கழியாது. ஆண்டு முழுவதும் பில் அனுப்பாததற்கு நிறுவனம் திருப்பித் தரும் பணமோ, கழிவுத் தொகையைக் குறைத்துவிடும். விளம்பரத்தில் மின்னும் சேமிப்பு வரிக்குப் பின் எவ்வளவு சுருங்குகிறது என்று வரி ஆலோசகரிடம் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

குடும்பம் என்று வந்தால் பேச்சுக்கே இடமில்லை. பப்ளிக்கில் மாதம் ஒரு வரம்புக்குள் (2025-இல் 535 யூரோ) வருமானம் உள்ள துணைவருக்கும் குழந்தைகளுக்கும் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. பிரைவேட்டில் ஒவ்வொரு தலைக்கும் ஒரு பிரீமியம்.

பிரைவேட் யாருக்குப் பொருந்தும்? உச்சவரம்புக்கு மேல் நிலையாகச் சம்பாதிப்பவர், குழந்தைத் திட்டம் இல்லாதவர், சில ஆண்டுகளில் ஊர் திரும்பப் போகிறவர். இந்தியாவுக்கு அடிக்கடி போகிறவருக்கு இன்னொரு வசதி, வழக்கமான பிரைவேட் ஒப்பந்தங்கள் ஐரோப்பாவுக்கு வெளியே முதல் மாதச் சிகிச்சையையும் ஏற்கின்றன. பப்ளிக் அட்டை இந்தியாவில் செல்லாது, நான் ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகப் பயணக் காப்பீடு எடுக்கிறேன். பிரைவேட் நோயாளியாக மருத்துவமனையில் படுத்த அனுபவம் எனக்கில்லை. அந்தக் கவனிப்பு எவ்வளவு மேல் என்று நண்பர்கள் சொல்லிக் கேட்டதுதான். ஓய்வுக் காலத்தில் இரு பக்கமும் எப்படி இருக்கும் என்பதும் விதிகளைப் படித்துச் சொல்வதுதான், வாழ்ந்து பார்த்துச் சொல்வதல்ல.

எழுத்தாளர், இசைக்கலைஞர், ஓவியர், வடிவமைப்பாளர் என்றால் இத்தனை யோசனையும் வேண்டாம். கலைஞர்களுக்கான சமூகக் காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். 1983 முதல் இருக்கிறது. ஊழியரைப் போலப் பாதியை மட்டும் நீங்கள் கட்டினால், மீதிப் பாதியை அரசும், கலைப்படைப்பை வாங்கும் நிறுவனங்களும் சேர்ந்து ஏற்கும்.

வேலையை விடுபவர் ஒன்றுமே செய்யாவிட்டால் பப்ளிக்கில் விருப்ப உறுப்பினராகத் தானாகவே தொடர்வார். வெளியேற விரும்பினால், நிதியத்தின் கடிதம் வந்த இரண்டு வாரத்துக்குள் எழுதிக்கொடுத்து, வேறு காப்பீடு இருப்பதற்கான சான்றையும் தர வேண்டும். பிரைவேட் முகவர் அந்த இரண்டு வாரத்தைக் காட்டி அவசரப்படுத்துவார். உங்கள் போன மூன்று ஆண்டு வரி ஆணைகளை மேசையில் வைத்து, அதில் மிக மோசமான ஆண்டுக்கு இரண்டு பிரீமியங்களையும் எழுதிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.