சிதைவு ஆய்வுக் களத்துக்கு டி.எஸ்.1922எல் வெப்பப் பட்டன்: வாங்கலாமா?

வாங்கலாம். இது வெப்பநிலையைத் தானே பதிந்துவைக்கும், பட்டன் வடிவச் சிறு கருவி. இறந்த உடலுக்கு அடியிலும் மண்ணுக்குள்ளும் வைப்பதற்கு இந்த விலையில் இதைவிட வசதியான பதிவுக் கருவி கிடைப்பது கஷ்டம். ஆனால் காற்றின் வெப்பநிலைக்கு இதை மட்டும் நம்பி இறங்கிவிடாதீர்கள்.

தானமாகக் கிடைத்த மனித உடல் திறந்தவெளியில் எப்படிச் சிதைகிறது என்று பார்க்கும் களங்கள் இன்று பல உண்டு. தடயவியல் மானிடவியலாளர் வில்லியம் பாஸ் 1981-ல் அமெரிக்காவில் டென்னசியின் நாக்ஸ்வில்லில் தொடங்கியது முதலாவது. பிறகு டெக்சஸில் சான் மார்கோஸ் பக்கம் ஒன்று வந்தது, 2016-ல் சிட்னிக்கு வெளியே ஒன்று வந்தது. எங்கே போனாலும் முதலில் வேண்டியது வெப்பநிலைப் பதிவு. ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே போனால் வருவது வெப்பநாள் கணக்கு. பூஜ்ஜியத்துக்குக் கீழே போன நாளைப் பூஜ்ஜியமாகவே எடுத்துக்கொள்வது வழக்கம். இறந்து எவ்வளவு காலம் ஆனது என்று சொல்ல இந்தக் கூட்டுத்தொகைதான் பிடிமானம். மென்திசு சிதையும்போது மண்ணில் சேரும் கொழுப்பமிலங்கள் ஏறத்தாழ 1285 வெப்பநாளோடு நின்றுவிடுகின்றன என்று நாக்ஸ்வில் ஆய்வாளர்கள் 1992-ல் வெளியிட்டார்கள். சராசரி 25 டிகிரி என்றால் அது 51 நாள்.

இனி பட்டனுக்கு வருவோம். குறுக்களவு 17 மில்லிமீட்டர், தடிமன் 6 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. துருப்பிடிக்காத எஃகு உறைக்குள் உணரி, கடிகாரம், பேட்டரி எல்லாம் அடக்கம். பேட்டரியை மாற்ற முடியாது, தீர்ந்தால் புதுசுதான். 0.5 டிகிரி நுணுக்கத்தில் 8192 பதிவுகள் கொள்ளும், 0.0625 டிகிரி நுணுக்கத்தில் 4096. மணிக்கு ஒன்று என்று நுணுக்கமான அளவில் வைத்தால் 170 நாள் தாங்கும். அரை மணிக்கு ஒன்று என்றால் 85 நாள். துல்லியம் கூட்டல் கழித்தல் அரை டிகிரி.

இதே வடிவத்தில் மலிவாகக் கிடைக்கும் டி.எஸ்.1921ஜி-யைப் பலர் வாங்குகிறார்கள். அதில் 2048 பதிவுகள்தான், பிழை ஒரு டிகிரி வரை போகலாம். ஒரே பக்கமாக ஒரு டிகிரி பிசகினால், மேலே சொன்ன 51 நாளில் 51 வெப்பநாள், அதாவது இரண்டு நாள் கணக்கு தவறும். 1922எல்-இல் அது ஒரு நாளோடு நிற்கும். கூடுதல் காசைக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் பெரிய பிழை உணரியில் வருவதில்லை, வைக்கும் இடத்தில் வருகிறது. நேர்வெயிலில் கிடக்கும் எஃகுப் பட்டன் காற்றை அளப்பதில்லை, தன் சூட்டைத்தான் அளக்கிறது. அதனால் நாள் சராசரி 4 டிகிரி கூடிவிட்டால் 51 நாள் 44 ஆகிவிடும், ஒரு வாரம் போச்சு. எனவே காற்றுக்கு, தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைத் தட்டுக் கூண்டுக்குள் தனியாக ஒரு கருவி இருக்கட்டும். பட்டனையே போடுவதானாலும் கூண்டுக்குள் போடுங்கள்.

உடலோடு வைப்பது வேறு கதை. புழுக்கள் கூட்டமாகத் திரண்டால் அந்த இடம் சுற்றுப்புறத்தைவிட 10 டிகிரிக்கு மேலும் சூடாகும். அந்த எண்ணை வெப்பநாள் கணக்கில் கலக்கவே கூடாது. அது தனி நெடுவரிசை. புழுக்கூட்டம் நகரும்போது பட்டனும் இடம் மாறும் என்பதால் துருப்பிடிக்காத கம்பியால் கட்டி, கூடார ஆணி ஒன்றில் முடிந்து வைக்க வேண்டும். பிணம் தின்ன விலங்குகளும் வரும்: நாக்ஸ்வில்லில் ரக்கூன், சான் மார்கோஸில் பிணந்தின்னிக் கருங்கழுகு. கழுகுக் கூட்டம் இறங்கினால் சில மணி நேரத்தில் எலும்பு தெரிந்துவிடும், கட்டாத பட்டன் போன இடம் தெரியாது.

அடுத்தது ஈரம். பட்டனின் மூடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வளையம் ஓடுகிறது. உடலிலிருந்து வடியும் திரவம் முதலில் தங்குவது அந்தப் பள்ளத்தில்தான். எடுத்துப் பார்த்தால் எஃகு முகத்தில் பழுப்பாய், எண்ணெய்ப் பிசுக்காய் ஒரு படலம் இருக்கும். பதிவைக் கணினிக்கு எடுக்கும் வாசிப்பானில் வைத்தால் கருவியே இல்லை என்று காட்டும். பலர் இங்கேதான் பட்டன் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். நொதி கலந்த சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு வளையத்தைத் தேய்த்து, 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து, நன்றாக உலரவிட்டு மறுபடி வையுங்கள். பிளீச்சிங் கரைசலில் ஊறப்போட்டால் எஃகு அரித்துவிடும். இந்தப் பட்டனின் நீர்த்தடுப்புத் தரம் ஐ.பி.56, தெறிப்பைத் தாங்கும், மூழ்குவதைத் தாங்காது. உடலுக்கு அடியிலோ மண்ணிலோ வைக்க, இதற்கென்றே விற்கும் டி.எஸ்.9107 உறையைச் சேர்த்து வாங்குங்கள். உறைக்குள் இருந்தால் வெப்ப மாற்றம் சற்றுத் தாமதமாகத் தெரியும். மணிக்கு ஒரு பதிவில் அது பெரிய பாதகமில்லை.

மென்பொருளில் இரண்டு இடம் கவனம். நினைவகம் நிறைந்ததும் பழைய பதிவின் மேல் எழுதும் வசதியை அணைத்துவிடுங்கள். முதல் சில நாள் பதிவுதான் விலைமதிப்பில்லாதது. இன்னொன்று நேரம். பட்டன் கடிகாரம் கணினியிடமிருந்து நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். கணினியை உலகப் பொது நேரத்தில் வைத்துத் தொடங்கினால் பிறகு தலைவலி இல்லை.

வைப்பதற்கு முன் எல்லாப் பட்டன்களையும் ஒரே பையில் காற்றுப்புகாமல் அடைத்து, நொறுக்கிய பனிக்கட்டியும் காய்ச்சி வடித்த நீரும் கலந்த பாத்திரத்தில் அரை மணி நேரம் வையுங்கள். பூஜ்ஜியத்திலிருந்து எது எவ்வளவு விலகுகிறது என்பதை அந்தந்தப் பட்டனின் வரிசை எண்ணோடு எழுதி வையுங்கள். ஆய்வு முடிந்ததும் இதையே திரும்பச் செய்யுங்கள்.

ஒரு உடலுக்கு நான்கு போதும்: உடலுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒன்று, உடலின் சூடு எட்டாத தூரத்தில் ஒப்பீட்டுக்கு அதே ஆழத்தில் இன்னொன்று. அடியில் இரண்டு வைப்பது வீண்செலவு என்று தோன்றும். ஆனால் ஒருவர் தன் உடலை ஒரே ஒரு முறைதான் தானம் செய்ய முடியும். ஒரு பட்டன் பழுதாகி அவருடைய பதிவு தொலைந்தால், அதைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது. அதனால் இதில் சிக்கனம் பார்ப்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

காவல்துறை வழக்குகளுக்கும் இது உதவும். சடலத்தை எடுத்த பிறகு அதே இடத்தில், நிழல் கூண்டுக்குள் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை வைத்து, பக்கத்து வானிலை நிலையத்தின் அதே நாட்களின் அளவோடு ஒப்பிட்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கிடைக்கும். அதை வைத்து நிலையத்தின் பழைய அளவுகளைத் திருத்திக்கொள்ளலாம். இந்த வேலைக்கு 1921ஜி கூடப் போதும், பனிக்கட்டிச் சோதனையில் தேறியிருந்தால்.