டேங்க் கழுவ வந்தவர்களும் வாதாம் மரத்து வௌவால்களும்

மொட்டை மாடியை ஒட்டிப் பெரிய வாதாம் மரம், பழம் பழுத்தால் ராத்திரி முழுக்க வௌவால். 1000 லிட்டர் டேங்கின் மூடி உடைந்துபோய் ஒரு தகரத்தைச் சாத்திக் கல் வைத்திருந்தோம். பையனுக்குப் பத்து நாள் வயிற்றுப்போக்கு நிற்காமல் மலப் பரிசோதனையில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி இருப்பதாக வந்த பிறகுதான் இந்த டேங்க் கழுவும் ஆட்களைக் கூப்பிட்டேன். அது வௌவாலிடமிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், நாய், எலி, சாக்கடை கலந்த குழாய்த் தண்ணீர், எதிலிருந்தும் வரும். ஆனால் தகரத்தைத் தூக்கியதும் உள்ளே சப்பிப் போட்ட வாதாங்கொட்டைகள் மிதந்தன, ஓரத்தில் பழ நார் ஒட்டிய எச்சம் காய்ந்திருந்தது. வயிறு புரட்டிவிட்டது.

போன வருடம் வேறு இருவர் வந்து பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் கலக்கிவிட்டுப் போனார்கள். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. தண்ணீரை முழுசாக இறக்கி, அடி வண்டலை வழித்தெடுத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, பிரஷர் பம்பில் இரண்டு தடவை அலசினார்கள். "அக்கா, வழிச்சு எடுக்காம பவுடர் போட்டா வாசனைதான் மாறும்" என்றார் பெரியவர். சரியான பேச்சு. வௌவால் எச்சத்தில் பல நாடுகளில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணியைக் கண்டிருக்கிறார்கள், பெரும்பாலும் அது வௌவாலோடு நிற்கிற வகைதான் என்றாலும் மனிதனுக்குத் தொற்றுகிற வகையும் சில நேரம் இருந்திருக்கிறது. கண்ணுக்கே தெரியாத அதன் முட்டைக்கூடு குளோரினில் நாள்கணக்கில் பிழைத்துக் கிடக்கும். 1993ல் அமெரிக்காவின் மில்வாக்கியில், இந்த ஒட்டுண்ணி கலந்த, குளோரின் போட்ட நகராட்சித் தண்ணீரைக் குடித்துத்தான் சுமார் 4 லட்சம் பேர் நோயில் படுத்தார்கள். அதனால் குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடமாவது விட்டுத்தான் இறக்குகிறேன், ஜியார்டியாவும் அதில் செத்துவிடும்.

இறுக்கித் திருகுகிற புது மூடி போட்டு, வழியும் குழாயின் வாயில் வலை கட்டிக் கொடுத்தார்கள், அதற்குத் தனிக் காசு. மொத்தம் 1650 ரூபாய்.

குறை இரண்டு. எட்டு மணி என்றவர்கள் பதினொன்றுக்கு வந்தார்கள். அப்புறம் கூட வந்த தம்பி, "பட்டாசு வெடிச்சா வௌவால் ஓடிரும்க்கா" என்று யோசனை சொன்னார், அது எனக்குப் பிடிக்கவே இல்லை. மயிலாடுதுறை பக்கம் பெரம்பூரில் வௌவாலுக்காகத் தீபாவளிக்கே வெடிக்காமல் இருக்கிறார்கள். இலுப்பை விதையைத் தூக்கிப்போய் விதைக்கிற பிராணி அது, தப்பு அதன் மேல் இல்லை, திறந்து கிடந்தது நம் டேங்க்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். வௌவால் சப்பிப் போட்டு, மாடியில் பிள்ளைகள் பொறுக்கி உடைத்துத் தின்கிற வாதாங்கொட்டை இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், நானும் சின்ன வயதில் தின்றவள்தான், இப்போது தினமும் காலையில் கூட்டிப் பையில் கட்டிவிடுகிறேன்.