நின்று ஓட்ட வண்டியை அமைத்துத் தருகிறோம் என்ற பட்டறையும், இறக்கத்தில் இறுகிய பிரேக்கும்

மண்தடத்தில் ஓட்டும் டர்ட் பைக் வைத்திருப்பவர்களுக்காக, குறிப்பாக "நின்று ஓட்ட வசதியாக அமைத்துத் தருகிறோம்" என்பவர்களிடம் வண்டியைக் கொடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த வேலைக்கு முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்ட ஒரு பட்டறை, ஓடிச் சூடானதும் பின் பிரேக் தானாகவே இறுகிக்கொள்ளும் நிலையில் என் வண்டியைத் திருப்பிக் கொடுத்தது. ஹேண்டில்பாரைத் தாங்கும் போல்ட்டுகள் நுனி மரையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன. போடாத பொருளுக்கு ரசீதில் விலை இருந்தது. பெயரை வெளியிடப்போவதில்லை. இந்த வேலைமுறை ஒரே ஒரு பட்டறையோடு நிற்பதல்ல. பெயரைவிட நடந்த விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

நான் சராசரியைவிட உயரம். கரடுமுரடான தடத்தில் நீண்ட நேரம் நின்று ஓட்டினால் கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும். முன்கை இறுகி, கிளட்சைப் பிடிக்கும் விரல்கள் சொன்னபடி கேட்காது. பள்ளமும் பாறையுமாக இருக்கும் இடத்தில் உட்கார்ந்தும் ஓட்ட முடியாது. முழு அளவு மோட்டோகிராஸ் வண்டியின் சஸ்பென்ஷன் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். அதையும் தாண்டி வரும் அடியை வாங்கிக்கொள்வது மடங்கிய முழங்கால்தான். உடலின் எடை, கால் வைத்து நிற்கும் ஃபுட்பெக்கில் இறங்க வேண்டும். கைக்கு மிஞ்ச வேண்டிய வேலை வண்டியைத் திருப்புவதும் லீவரைப் பிடிப்பதும் மட்டுமே. வண்டியின் அமைப்பு உடலுக்குப் பொருந்தாதபோது ஓட்டுபவர் ஹேண்டில்பாரில் தொங்கத் தொடங்குகிறார், முன்கை இறுகுகிறது. இதை விளக்கமாகச் சொல்லித்தான் வண்டியை ஒப்படைத்தேன்.

அளவெடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். பின்னால் வந்த வினைகளில் பாதி அங்கேயே தொடங்கிவிட்டது. என்னைச் சீட்டில் உட்காரச் சொன்னார்கள். பூட்ஸைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்குத் தேவையில்லை என்றார்கள். தோளிலிருந்து கைப்பிடி வரை டேப்பை ஒரு முறை பிடித்துப் பார்த்தார்கள். நின்று காட்டட்டுமா என்றேன். "பார்த்தாலே தெரிகிறது சார், உயரமானவர்கள் எல்லோருக்கும் இந்த செட்டைத்தான் போடுகிறோம்" என்றார் பொறுப்பாளர். ஹேண்டில்பாரை உயர்த்த அதன் அடியில் வைக்கும் 40 மில்லிமீட்டர் ரைசர், 15 மில்லிமீட்டர் தாழ்ந்த அகலமான ஃபுட்பெக், அதற்கேற்ற நீளமான போல்ட்டுகள், லீவர்களையும் பெடல்களையும் ஒழுங்குபடுத்தும் கூலி. இதுதான் அந்த செட்.

நின்று ஓட்டுபவருக்கு அளவு பாதத்திலிருந்து தொடங்குகிறது, சீட்டிலிருந்து அல்ல. பாதம் 15 மில்லிமீட்டர் கீழே போனால், ஹேண்டில்பாரைத் தொடாமலேயே அது கைக்கு 15 மில்லிமீட்டர் உயர்ந்துவிடுகிறது. அதன்மேல் 40 மில்லிமீட்டர் ரைசரையும் வைத்தால் மொத்தம் ஏறத்தாழ 55 மில்லிமீட்டர். அதோடு முடியவில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் செங்குத்தாக நிற்பதில்லை. இவ்வகை வண்டிகளில் ஏறக்குறைய 26, 27 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். ரைசர் அந்தச் சாய்விலேயே உயர்வதால், 40 மில்லிமீட்டர் உயரும்போது கைப்பிடி 18 மில்லிமீட்டர் அளவுக்கு நம் வயிற்றை நோக்கி வந்துவிடும்.

விளைவு, நான் வண்டியின் மேல் விறைப்பாக நிமிர்ந்து நின்றேன். முழங்கை மடங்கி விலாவோடு ஒட்டிக்கொண்டது. எடை பின்னால் போனது. ஆக்சிலேட்டரைத் திருகியதும் உடல் பின்னுக்கு இழுபட, அதைத் தடுக்கக் கைப்பிடியை முன்பைவிட இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. மேட்டில் முன்சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் அலைந்தது. முதுகுவலிக்கு வைத்தியம் பார்க்கப் போனவனுக்கு முன்கைவலி இரட்டிப்பானது. ஹேண்டில்பார் தாழ்வாக இருந்தால் குனிந்து முதுகு போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அளவு மீறி உயர்ந்தால் முன்சக்கரத்தின் மீதுள்ள கட்டுப்பாடே போகும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை.

லீவர்களை அவர்கள் தொடவே இல்லை. ரைசருக்காகக் கழற்றிய ஹேண்டில்பாரைத் திருப்பி மாட்டும்போது அதைப் பின்பக்கமாக உருட்டி வைத்ததில் லீவர்களும் மேல்நோக்கி எழும்பிவிட்டன. நின்றபடி இரண்டு விரலை நீட்டினால் மணிக்கட்டு மேல்பக்கமாக மடங்கியது. அந்த மடிப்போடு கிளட்சை அழுத்திக்கொண்டே இருந்தால் எந்த முன்கைதான் தாங்கும்? நிற்கும் நிலையில் முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் லீவரைச் சந்திக்க வேண்டும். அதற்கு லீவர் கிடைமட்டத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியிருக்க வேண்டும். பிடிமானத்தின் திருகைத் தளர்த்தித் திருப்பி மறுபடி முடுக்குவதுதான் வேலை. ஒரு பொருளும் வாங்கத் தேவையில்லை. பொருள் விற்காத வேலை என்பதாலேயே அது செய்யப்படாமல் போனது என்றுதான் நம்புகிறேன்.

கியர் லீவரிலும் கை வைக்கவில்லை. ஃபுட்பெக் தாழ்ந்ததும் கியர் லீவர் பாதத்துக்கு உயரமாகிவிடுகிறது. கனமான பூட்ஸோடு கியரைக் குறைக்க ஒவ்வொரு முறையும் காலை ஃபுட்பெக்கிலிருந்து தூக்க வேண்டியிருந்தது. மேடுபள்ளத்தில் பூட்ஸின் மேற்பகுதி கீழிருந்து தட்டி கியர் தானாக ஏறியதும் உண்டு. கியர் லீவரை அது மாட்டியிருக்கும் ஷாஃப்டின் பல்வரிசையில் ஒரு பல் இறக்கி மாட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

இவை எல்லாம் தொல்லைகள். பின் பிரேக்கில் அவர்கள் செய்தது ஆபத்து.

ஃபுட்பெக்கைத் தாழ்த்தினால் பிரேக் பெடலையும் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் நிற்கும்போது பூட்ஸ் பெடலின் மேலேயே கிடக்கும். பெடலின் உயரத்தைத் தீர்மானிக்க ஒரு நிறுத்துத் திருகு இருக்கிறது. பெடலிலிருந்து, பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் போகும் புஷ்ராடு என்ற தள்ளுகம்பிக்குத் தனியாக நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் மரை இருக்கிறது. என் வண்டியில் நிறுத்துத் திருகால் பெடல் நுனியைக் கீழே இறக்கினால், மறுமுனை புஷ்ராடை மேலே தள்ளும். எனவே திருகை மாற்றிய அளவுக்குப் புஷ்ராடின் நீளத்தைக் குறைத்து, பெடல் தொடக்கத்தில் சிறிது வெறுமனே அசையும்படி ப்ளே விட வேண்டும். பட்டறை திருகை மட்டும் மாற்றியது. புஷ்ராடைத் தொடவில்லை. அதாவது நான் பிரேக்கைத் தொடாதபோதும் சிலிண்டருக்குள் பிஸ்டன் சற்று அழுந்தியே நின்றது.

பிஸ்டன் முழுவதும் பின்வாங்கினால்தான், சூட்டில் விரியும் பிரேக் ஆயில் மேலே உள்ள கலத்துக்குத் திரும்பும் சிறு துளை திறக்கும். பிஸ்டன் அழுந்தி நின்றால் துளை அடைபட்டிருக்கும். ஓட ஓட, சக்கரத்தின் டிஸ்க்கைப் பிடிக்கும் பேடு லேசாக உரசும், சூடேறும், ஆயில் விரியும். விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாததால் அது பேடையே தள்ளும். உரசல் கூடும், சூடு கூடும், இறுதியில் சக்கரம் பிடித்துக்கொள்ளும். எனக்கு அது கல் பரவிய ஓர் இறக்கத்தில் நடந்தது. பெடல் அசைவே இல்லாமல் கல்லாகிவிட்டது. நான் தொடாமலேயே பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் இழுத்தது. வேகம் குறைவாக இருந்ததால் விழவில்லை. இறங்கிப் பார்த்தபோது டிஸ்க் நீலம் பாரித்திருந்தது, பேடு கருகும் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

இந்தக் கோளாறின் கொடுமை என்னவென்றால், ஆறியதும் எல்லாம் சரியாகிவிடும். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது பின்சக்கரம் தடையின்றிச் சுற்றியது. "பாருங்கள் சார், ஒன்றுமில்லை. நீங்கள் நிற்கும்போது தெரியாமல் பிரேக்கில் காலை வைத்துக்கொள்கிறீர்கள், பழக வேண்டும்" என்றார் பொறுப்பாளர். நீலம் பாரித்த டிஸ்க்கைக் காட்டினேன். அதையும் என் காலின் மேல்தான் போட்டார். உயிரோடு விளையாடிவிட்டுப் பழியை வாடிக்கையாளரின் பழக்கத்தின் மீது போடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு சக்கர வண்டிகளோடு வாழ்ந்து பழகிய ஓர் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். விரலால் பெடலை ஒரு முறை அழுத்திவிட்டு, "ப்ளேயே இல்லையே தம்பி" என்றார். புஷ்ராடின் பூட்டு நட்டில் பழைய அழுக்கு கலையாமல் அப்படியே இருந்தது. ஸ்பேனர் அந்தப் பக்கமே போகவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பிறகு ஹேண்டில்பாரை மேலிருந்து இறுக்கும் மேல்பிடியைக் கழற்றினார். வெளியே வந்த போல்ட்டைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். 8 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட, வண்டியோடு வந்த பழைய போல்ட். அதன் நுனியில் மூன்று சுற்று மரை மட்டும் பளபளத்தது, இடுக்கில் அலுமினியத் துகள் ஒட்டியிருந்தது. மீதி நீளம் முழுவதும் எதையும் பிடிக்காமல் இருந்திருக்கிறது. அலுமினியத்தில் போகும் போல்ட் குறைந்தது தன் தடிமனைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது இந்தப் போல்ட்டுக்கு 12 மில்லிமீட்டர் ஆழம் மரையைப் பிடித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. இங்கே அதில் பாதிகூட இல்லை. ஒரு குதிப்பில் ஹேண்டில்பார் கையோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே பிடிக்கவில்லை.

ரசீதை எடுத்துப் பார்த்தேன். "நீளமான போல்ட் செட்" என்று தனி வரி, தனி விலை.

இன்னொன்றும் அங்கேயே தெரிந்தது. என்ஜினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுவதும் திருப்பினால் ஐட்லிங் எகிறியது. உயர்த்திய ஹேண்டில்பாருக்கு ஆக்சிலேட்டர் கேபிளின் நீளம் போதவில்லை. இறுக்கமான திருப்பத்தில் வண்டி தானாகவே வேகமெடுக்கும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஃபோர்க் முழுவதும் நீண்டபோது முன் பிரேக் குழாயும் விறைத்து நின்றது. தரையில் நிற்கும் வண்டியில் இது தெரியாது. குதித்து அந்தரத்தில் இருக்கும்போதுதான் இழுக்கும்.

போல்ட்டுகளையும் ரசீதையும் ஒன்றாக மேசையில் வைத்த பிறகு பட்டறையின் தொனி மாறியது. போல்ட் செட்டின் விலையைத் திருப்பித் தந்தார்கள். கூலியைத் தரவில்லை. கெட்டுப்போன டிஸ்க்குக்கும் பேடுக்கும் பொறுப்பேற்கவில்லை. எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன்.

இப்போது வண்டி நன்றாக இருக்கிறது. 40 மில்லிமீட்டர் ரைசரைக் கழற்றி 10 மில்லிமீட்டர் ரைசரைச் சரியான போல்ட்டோடு போட்டோம். அகலமான ஃபுட்பெக் பூட்ஸுக்கு உண்மையிலேயே சுகம், அதை வைத்துக்கொண்டேன். ஹேண்டில்பாரின் எழுச்சி ஃபோர்க்கின் சாய்வுக்கு இணையாக வரும்படி உருட்டி, லீவர்களை இறக்கி, கியர் லீவரை ஒரு பல் மாற்றி, புஷ்ராடுக்கு ப்ளே விட்டார் அண்ணன். பெரும்பகுதி ஸ்பேனர் வேலை. அளவெடுத்த விதம்தான் முக்கியம். பூட்ஸ் போட்டுக்கொண்டேன், வண்டியை இருவர் பிடித்துக்கொண்டார்கள், நான் ஃபுட்பெக்கில் நின்று முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, கைகளை முற்றிலும் விட்டுவிட்டு நின்றேன். முன்னாலோ பின்னாலோ சரியாமல் நிற்க முடிந்த அந்த நிலையிலிருந்து கையை நீட்டும்போது கைப்பிடி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே கொண்டுவந்தோம்.

யாரிடமாவது இந்த வேலையைக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், உங்களைப் பூட்ஸோடு நிற்கவைத்து அளவெடுப்பார்களா என்று முதலில் கேளுங்கள். மாட்டார்கள் என்றால் வண்டியை விடாதீர்கள். ஹேண்டில்பாரை வண்டியோடு இறுக்கும் நடுப்பகுதியின் தடிமன் 22.2 மில்லிமீட்டரா 28.6 மில்லிமீட்டரா என்று பார்க்காமலே ரைசரை எடுத்து நீட்டுபவரையும் நம்பாதீர்கள். முடுக்கும் அளவுக்குத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்து முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் பயன்படுத்துவார்களா, கழற்றிய பழைய போல்ட்டுகளை உங்கள் கையில் தருவார்களா என்பதையும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே என் விஷயத்தில் குட்டை உடைத்திருக்கும்.

ஏற்கெனவே இப்படி ஒரு செட்டைப் போட்டிருந்தால், அடுத்த முறை ஏறுவதற்கு முன் பிரேக் பெடலை விரலால் அழுத்தி வெற்றசைவு இருக்கிறதா என்று பாருங்கள். சற்று தூரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள்; ஆறிய வண்டியில் பார்ப்பது வீண். என்ஜின் ஓடும்போது ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். பிறகு மேல்பிடியின் போல்ட் ஒன்றைக் கழற்றி, எவ்வளவு நீளத்துக்கு மரை பிடித்திருக்கிறது என்று அளந்து பாருங்கள்.