டிக்டாக்கா, யூடியூபா? ஒரு சாட்ஸ்வொர்த் பாட்டுக்காரிக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் என் அக்கா மகள் சொந்தமாகப் பாட்டு எழுதுகிறாள். தமிழ் வரிகளை ஆங்கில எழுத்தில்தான் எழுதி வைப்பாள். இங்கே பிள்ளைகள் பலர் அப்படித்தான். அதை எங்கே போடுவது என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு.

டிக்டாக்கின் பலம் வேகம். ஜோகன்னஸ்பர்க் பாடகி டைலாவைப் பாருங்கள். 2023இல் 'வாட்டர்' பாட்டுக்கு முதுகில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஆடிய ஆட்டம் டிக்டாக்கில் பரவியது. 2024 பிப்ரவரியில் கையில் கிராமி இசை விருது, வயது 22. அவருடைய முதல் பாட்டு 2019லேயே வந்துவிட்டது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நம்மைப் பின்தொடர ஆளே இல்லாவிட்டாலும் டிக்டாக்கில் வீடியோ முன்பின் தெரியாதவர் கண்ணில் படும், சரி. ஆனால் இவளுடைய நல்ல வரி இரண்டாவது சரணத்தில் அல்லவா இருக்கிறது? அதுவரை யார் விரலை நகர்த்தாமல் இருப்பார்?

யூடியூப் ஆமை. விளம்பரப் பணத்தில் பங்கு கேட்டால், வழக்கமான வழியில் 1,000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை வேண்டும். ஆனாலும் முழுப் பாட்டு அங்கே இருக்கும். அடுத்த வருஷம் மதுரையில் ஒருவர் தேடினாலும் கிடைக்கும்.

என் ஓட்டு யூடியூபுக்கு. அப்புறம் அந்தச் சரணத்தை மட்டும் வெட்டி டிக்டாக்கில் போடட்டும். "ஆடணுமா மாமா?" என்கிறாள். வேண்டாம், பாடினால் போதும்.