பழைய ஸ்க்விட்டா, புது ஸ்க்விட்டா, டைனிப்ராக்ஸியா? மலையடிவாரத்து லேபுக்கு எது தாங்கும்

குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் தமிழ் மீடியம் பள்ளி லேப், லாட்ஜ், பிரவுசிங் சென்டர், இந்தப் பக்கம் இறங்கினால் கூடலூர், கம்பம். இதில் பல இடங்களில் மூலையில் ஒரு பழைய சிபியு ஓடிக்கொண்டிருக்கும், அதில் யாரோ எப்போதோ போட்டுவிட்டுப் போன ஸ்க்விட் ப்ராக்ஸி இருக்கும், அதாவது எல்லா மெஷினின் நெட் கோரிக்கையையும் நடுவில் வாங்கி வெளியே அனுப்பும் மென்பொருள். அதை அப்டேட் பண்ணலாமா என்று கேட்டால், "ஓடுதுல்ல, விடுங்க சார்" என்பதுதான் பதில். அப்படி விடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய ப்ராக்ஸியின் ஓட்டை வழியாக அதைக் கவிழ்த்து நிறுத்துவதுதான் சேவை மறுப்புத் தாக்குதல். அதைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள், பணம் போகவில்லை, பாஸ்வேர்ட் போகவில்லை, அவ்வளவுதானே என்று. ஆனால் லேபில் உள்ள அத்தனை மெஷினும் ஒரே ப்ராக்ஸி வழியாக வெளியே போகிறதென்றால், அது விழுந்த நிமிடமே எல்லாருக்கும் நெட் போய்விடும். எஸ்டேட் பிள்ளைகள் பலர் இருப்பது இடுக்கியில், படிக்கப் போவது தேனியிலோ மதுரையிலோ. விண்ணப்பத்துக்குக் கடைசி நாளில் மாலை நாலு மணிக்கு லேபே நின்றுபோனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் போச்சு. இது சின்ன விஷயமே இல்லை.

முதலில் இருப்பதை அப்படியே வைத்துக்கொள்வதைப் பார்ப்போம். ஸ்க்விட் 1996-லிருந்து இருக்கிறது, நல்ல மென்பொருள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஜோஷுவா ராஜர்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2021-ல் அதன் மூலக்குறியீட்டை உட்கார்ந்து அலசி 55 ஓட்டைகள் கண்டுபிடித்தார், 2023 அக்டோபரில் அவர் அதை வெளியிட்டபோதும் 35 ஓட்டைகள் அடைபடாமலே இருந்தன. ஸ்க்விட் குழுவில் இருப்பதே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் பிறகு வரிசையாகத் திருத்தங்கள் வந்தன. அப்படி அடைபட்ட ஓட்டைகளில் நம்மைப் போன்ற லேபுக்கு நேரடியாகப் படுகிறவை சில (சிவிஇ என்பது ஒவ்வொரு ஓட்டைக்கும் தரப்படும் அடையாள எண்).

சிவிஇ-2023-46847 என்பது டைஜஸ்ட் என்ற முறையில் பாஸ்வேர்ட் கேட்கும் ஸ்க்விட்டைத் தாக்குவது. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் இடத்திலேயே ஓட்டை இருப்பதால், "என் ப்ராக்ஸிக்குப் பாஸ்வேர்ட் போட்டிருக்கேன்" என்பது பாதுகாப்பே ஆகாது, பாஸ்வேர்ட் தெரியாதவனே அதைக் கவிழ்த்துவிடலாம். 6.4-ல் சரியானது. பழையதிலேயே இருந்தாக வேண்டுமென்றால் டைஜஸ்ட்டை அணைத்துவிட்டால் தப்பிக்கலாம். எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டரை (கோரிக்கையின் தலைப்பில் வரும் ஒரு தகவல் வரி) வைத்துச் செய்யும் இன்னொன்று, சிவிஇ-2023-50269, ஸ்க்விட்டைத் தன்னையே திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டு மூச்சுமுட்டி விழவைக்கும். அந்த ஹெட்டரை நம்பச் சொல்லும் வரி உங்கள் கான்ஃபிக் ஃபைலில் இருந்தால்தான் ஆபத்து, இணையத்திலிருந்து காப்பியடித்த கான்ஃபிக் என்றால் அது இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப்பாருங்கள்.

இதுவரை சரி, ஒரு வரியை எடுத்தால் போதும். ஆனால் சிவிஇ-2024-25111-க்கு அந்த வழியே கிடையாது. துண்டு துண்டாக வரும் எச்டிடிபி செய்தியைச் சேர்க்கும் இடத்தில் உள்ள பிழை அது, 3.5.27 முதல் 6.7 வரை எல்லாவற்றிலும் உண்டு, பேட்ச் போட வேண்டும் அல்லது 6.8-க்குப் போக வேண்டும், வேறு வழி இல்லை. பழைய ஸ்க்விட்டை வைத்துக்கொண்டு கான்ஃபிக்கை மட்டும் தட்டிக்கொட்டி ஓட்டலாம் என்கிற வாதம் என்னைப் பொறுத்தவரை இங்கே செத்துவிட்டது.

உங்கள் ப்ராக்ஸி ஏற்கெனவே விழுந்து எழுகிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. கணினியின் நிகழ்வுப் பதிவான சிஸ்லாக்கைத் திறந்து பாருங்கள். மேற்பார்வை பார்க்கும் ஸ்க்விட் பேரன்ட், அதன் கீழே ஓடும் ஸ்க்விட்-1 சிக்னல் 6 அல்லது 11 வாங்கி, அதாவது க்ராஷ் ஆகி, வெளியேறியது என்று ஒரு வரி எழுதிவிட்டு, உடனே புதிதாக ஒன்றைக் கிளப்பியிருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு கணம் பக்கம் சுற்றுவது போலத் தெரியும், அவ்வளவுதான், யாரும் புகார் சொல்லமாட்டார்கள். அடுத்தடுத்து வேகமாக விழுந்தால்தான் பேரன்ட்டும் கைவிட்டுவிட்டு மொத்தமாக நின்றுபோகும். அதனால் "எங்க ப்ராக்ஸி விழுந்ததே இல்லை" என்று சொல்வதற்கு முன் லாக்கைப் பாருங்கள்.

அப்புறம் வெர்ஷன் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். டெபியன் 12 லினக்ஸில் ஸ்க்விட் 5.7 என்றுதான் காட்டும், ஆனால் அந்த எண்ணை மாற்றாமலே பாதுகாப்புத் திருத்தங்களை உள்ளே ஒட்டிக் கொடுப்பது அவர்கள் வழக்கம், நீங்கள் அப்டேட் ஓட்டினால் போதும். உபுண்டு 20.04 வைத்திருப்பவர்கள் நிலைமை வேறு, அதில் இருப்பது 4.10, வழக்கமான ஆதரவு 2025-லேயே முடிந்துவிட்டது. மாறுங்கள். புதிதாகப் போடுவதென்றால் 6.10-க்குக் குறையாமல் போடுங்கள், இஎஸ்ஐ (பக்கத்தைத் துண்டுகளாகச் சேர்த்துக் கட்டும் வசதி) என்ற இன்னொரு பிரச்சினைக்காரனை அதில்தான் தானாகவே அணைத்து வைத்தார்கள்.

டைனிப்ராக்ஸி பக்கம் வருவோம். இதுவும் ஒரு ப்ராக்ஸிதான். சின்னது, வந்த பக்கத்தைச் சேமித்து வைக்கும் கேஷ் கிடையாது, பழைய மெஷினுக்கு அருமையாகப் பொருந்தும். நம் ஊரில் இன்று கேஷ் பெரிய இழப்பும் இல்லை, கிட்டத்தட்ட எல்லாத் தளமும் மறையாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ் ஆகிவிட்டதால் ஸ்க்விட்டும் பெரும்பாலும் மூடிய கவரைக் கைமாற்றிவிடுகிற வேலையைத்தான் செய்கிறது. கவரைப் பிரித்துப் பார்க்கிறேன் என்று எஸ்எஸ்எல் பம்ப் போடுகிறவர்கள் கவனம், ஓபன்எஸ்எஸ்எல்-உடன் கட்டப்பட்ட பழைய ஸ்க்விட்டை எதிர்முனையில் இருக்கும் சர்வரே மோசமான சான்றிதழ் அனுப்பிக் கவிழ்க்கும் ஓட்டை ஒன்றும் 6.4-க்கு முன்பு இருந்தது. டைனிப்ராக்ஸியில் அந்த வேலையே இல்லை.

அதற்காக அது புனிதமும் இல்லை. 2024 மே மாதம் சிவிஇ-2023-49606 வெளியானது. கனெக்‌ஷன் ஹெட்டரைக் கொண்டு, விடுவித்த நினைவகத்தையே மறுபடி தொடவைக்கும் பிழை, க்ராஷோடு நிற்காமல் அதற்கு மேலும் போகக்கூடியது. அதைக் கண்டுபிடித்த சிஸ்கோவின் டாலோஸ் ஆய்வாளர்கள் பழைய மின்னஞ்சல் முகவரிக்கு எழுதியதால் மென்பொருளைப் பராமரிப்பவருக்குச் செய்தி போய்ச் சேரவே இல்லை. இணையத்தில் திறந்து கிடந்த 90,000-க்கும் மேற்பட்ட டைனிப்ராக்ஸிகளில் பாதிக்கு மேல் அப்போது ஓட்டையோடு இருந்தன. 1.11.2-ல் சரியாகிவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள், இந்தப் பிழை உள்ள இடத்துக்கு அனுமதிப் பட்டியலையும் பாஸ்வேர்டையும் தாண்டிய பிறகுதான் போக முடியும். யாரை உள்ளே விடுவது என்று ஒழுங்காக எழுதியிருந்தவர்களுக்கு வெளியாளிடமிருந்து ஆபத்து இல்லை.

ஸ்க்விட்டில் அப்படி நம்ப முடியாது. எச்டிடிபி ஆக்சஸ் பட்டியலில் மறுப்பு போட்டிருந்தாலும், மறுப்பதற்கே அது முதலில் வந்த ஹெட்டரைப் படித்தாக வேண்டும், படிக்கும் இடத்திலேயே பிழை இருந்தால் மறுப்பு எதற்கு? அதனால் ஸ்க்விட் பயன்படுத்தும் 3128 போர்ட்டை ஃபயர்வாலிலேயே அடைக்க வேண்டும், லேப் ஐபிக்கு மட்டும் திறக்க வேண்டும்.

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை இந்த வேலைக்குப் போடலாமே என்பார்கள், வேண்டாம், எச்டிடிபிஎஸ்-ஐ வெளியே கொண்டுபோகும் கனெக்ட் முறைக்காக அது முதலில் செய்யப்பட்டது இல்லை.

ப்ராக்ஸியே வேண்டாம், டிஎன்எஸ் வடிகட்டி (தளத்தின் பெயரை ஐபியாக மாற்றும் இடத்திலேயே தடுப்பது) போதும் என்பது கடைசி வழி. கெட்ட தளங்களைத் தடுப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. இங்கேயும் 2024 பிப்ரவரியில் கீட்ராப் வந்தது, டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில் உண்மையானதா என்று பார்க்கும் கையொப்பம்) சரிபார்க்கும் சர்வரை ஒற்றைப் பாக்கெட்டால் மணிக்கணக்கில் திணறவைக்கும் பிழை, டிஎன்எஸ் சர்வர் மென்பொருள்களான அன்பவுண்ட் 1.19.1, டிஎன்எஸ்மாஸ்க் 2.90 இரண்டிலும் சரி செய்தார்கள். ஆனால் யார் எந்த மெஷினில் எதைப் பார்த்தார் என்ற பெயர்வாரிக் கணக்கு இதில் கிடைக்காது. பள்ளி நிர்வாகம் அதைக் கேட்டால் ஸ்க்விட் 6.10-க்குக் குறையாமல் போட்டு டைஜஸ்ட், எஃப்டிபி, எஸ்எஸ்எல் பம்ப் எதையும் திறக்காமல் ஓட்டுங்கள். லாட்ஜுக்கு டிஎன்எஸ் வடிகட்டி போதும். பழைய சிபியுவும் நாலைந்து மெஷினும் உள்ள சென்டருக்கு 1.11.2-க்குக் குறையாத டைனிப்ராக்ஸி, அனுமதி வரியில் உள்ளூர் ஐபி மட்டும், போட்ட ஆளின் நம்பரோடு அப்டேட் தேதியையும் சிபியு மேலேயே ஒட்டி வையுங்கள்.