வயர் ரம்பமா, பேட்டரி ரம்பமா? பாம்பன் கரையிலிருந்து ஒரு கணக்கு

ஊருக்கெல்லாம் சித்திரை ஒன்று புத்தாண்டு என்றால், பாம்பனில் படகு மரவேலை செய்கிற எங்களுக்கு அது மறுநாள். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு ஒவ்வொன்றாகக் கரையேறும். தளப்பலகை மாற்றணும், ஐஸ் பெட்டிக்கு மூடி போடணும், படகின் முன்பக்க அணியத்தில் உளுத்த சட்டத்தை எடுக்கணும். எல்லோருக்கும் நேற்றே முடிந்திருக்கணும்.

அந்த அவசரத்தில்தான் இரண்டு வருஷத்துக்கு முன் பேட்டரி வட்ட ரம்பம் ஒன்று வாங்கினேன். பிளக்கில் மாட்டி ஓட்டுகிற வயர் ரம்பம் கையில் இருக்கும்போதே வாங்கினேன். "ஒன்னு இருக்கையில இன்னொன்னு எதுக்கு மச்சான்?" என்று கேட்டவர்களுக்கு அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அதற்கு முன் மூன்றாவது ஆளை வெளியே அனுப்பிவிடுவோம். நம் பக்கம் பாதிப் பேர் மரம் அறுப்பது மார்பிள் கட்டரில். நாலு இஞ்ச் மிஷினில் மரப் பிளேடை மாட்டி ஓட்டுவது. கல்லுக்காகச் செய்த அது நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். வட்ட ரம்பம் ஐயாயிரத்தை ஒட்டித்தான். அதைவிட முக்கியம், பிளேடு மரத்தை விட்டு வந்ததும் தானாக மூடிக்கொள்ளும் கீழ் கார்டு அதில் கிடையாது. விலை குறைவுதான். நானும் எட்டு வருஷம் ஓட்டினேன். இனி மரத்தில் அதைத் தொட மாட்டேன்.

சரி, மற்ற இரண்டும். வயர் ரம்பத்தில் வழக்கமாக 185 மில்லி பிளேடு, 65 மில்லி ஆழம் வரை போகும். என் 18 வோல்ட் பேட்டரி ரம்பத்தில் 165 மில்லி பிளேடு, ஏறக்குறைய 55 மில்லி. இரண்டு இஞ்ச் பலகை இரண்டிலும் அறுபடும். பலம் வயருக்குத்தான், அதில் பேச்சே இல்லை. நாள் முழுக்க கனமான சட்டத்தை நீளவாக்கில் கிழிக்க வேண்டுமென்றால் பேட்டரி சூடேறி நின்றுவிடும். விலையும் வயருக்குச் சாதகம். பழசாகி விற்கும்போதும் அதற்குத்தான் ஆள் வரும். தளர்ந்த பேட்டரியோடு ஒரு ரம்பத்தை யார் வாங்குவார்?

இவ்வளவு வயர் பக்கம் இருந்தும் நான் பேட்டரிக்கு மாறினது ஒரே காரணத்தால். பிளக் எங்கே இருக்கிறது என்ற கேள்வி.

கரையில் ஏற்றின படகுக்குப் பக்கத்தில் கரண்ட் இருக்காது. வலைக்கொட்டகையிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து, ஈர மணலில் போட்டு, படகைச் சுற்றிக்கொண்டு வந்தால் இருபது மீட்டர். அப்படி ஒரு நாள் பிளேடு மாற்ற வேண்டியிருந்தது. கூட இருந்த மருமகனிடம் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். படகுக்கு அந்தப் பக்கமிருந்து "புடுங்கிட்டேன் மாமா" என்று குரல் வந்தது. பிடுங்கினான், டிரில்லின் பிளக்கை. பாக்ஸில் மூன்று பிளக், மூன்றும் கறுப்பு. நான் ரம்பத்தை மடியில் கவிழ்த்து, கார்டை ஒதுக்கி, பிளேடைத் துணியோடு பிடித்தேன். வலது கை விரல் சுவிட்சில் சரிந்தது. துணியைச் சுருட்டிக்கொண்டு பிளேடு ஒரு சுற்று போனது. கட்டைவிரல் நகம் பாதி போனதோடு தப்பினேன். அவனைத் திட்ட முடியவில்லை. நான்தான் எழுந்து போய்ப் பார்த்திருக்கணும். ஆனால் வேலை நடுவில் இருபது மீட்டர் நடந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு வருகிற ஆசாரியை நான் இதுவரை பார்த்ததில்லை.

பேட்டரி ரம்பத்தில் அந்த நடை இல்லை. கட்டைவிரலால் அமுக்கினால் பேட்டரி கழன்று கையில் வந்துவிடும். பிளேடு மாற்றவா, ஆழம் வைக்கவா, சிக்கின சிராய் எடுக்கவா, முதலில் அது. யார் குரலையும் நம்ப வேண்டியதில்லை, கரண்ட் என் சட்டைப் பையில் இருக்கிறது. ஈர மணலில் உரசி உரிந்த வயரும் இல்லை. வயர்தான் ஓட்டுவேன் என்கிறவர் கரண்ட் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரில் தானே விழுந்து லைனைத் துண்டிக்கிற ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்றையாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. வயர் இல்லாததால் கைக்கு விளையாட்டுச் சாமான் போலத் தெரியும். சுவிட்சில் விரலை வைத்தபடியே ஏணி ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுவிட்சுக்கு மேலே இருக்கிற லாக் பட்டன், விரல் தவறிப் பட்டாலும் ரம்பம் ஓடாமல் இருக்கத்தான். அதை டேப் சுற்றி அமுக்கி வைக்கிறவர் பக்கத்தில் நான் நிற்பதில்லை. அப்புறம், சார்ஜ் தீர்ந்தால் அறுத்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். நின்றதும் பின்னால் இழுக்கக் கூடாது. விரலை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, பிறகுதான் பிளேடை வெளியே எடுக்கணும்.

உதைப்பு இரண்டுக்கும் பொது. பிளேடின் முன்பக்கப் பல் கீழிருந்து மேலே வருகிறது. அறுத்த வெட்டு மூடிப் பிளேடைக் கவ்வினால் ரம்பம் நம்மை நோக்கித்தான் பாயும். இரண்டு முனையிலும் முட்டுக் கொடுத்து நடுவில் அறுத்தால் பலகை தொய்ந்து வெட்டு மூடும். அறுத்த துண்டு தானாக விழும்படி வைத்து, பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கம் தள்ளி நின்றால் போதும். ஆழம் பலகையைத் தாண்டி ஒரு பல் உயரம். பனஞ்சட்டத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: வெளிப்பக்கம் கறுத்த வைரம் மெதுவாகப் போகும், உள்ளே மெத்தென்ற சோறு வந்ததும் ரம்பம் சட்டென்று முன்னால் ஓடும். தள்ளுகிற கையைத் தளர்த்தியே வைத்திருக்கணும். பழைய படகுப் பலகையில் ஆணி தேடாமல் பிளேடு வைக்காதீர்கள். கைலியும் தோளில் துண்டும் வேண்டாம், கண்ணாடி வேண்டும்.

என் பேட்டரி ரம்பத்தில் எலக்ட்ரிக் பிரேக் உண்டு, விரலை எடுத்தால் இரண்டொரு வினாடியில் பிளேடு நிற்கும். என்னிடமுள்ள வயர் ரம்பம் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லாப் பேட்டரி மாடலிலும் இது வருவதில்லை, கடையில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

பராமரிப்பில் பேட்டரிதான் அதிகம் கேட்கும். உப்புக்காற்றில் முனைகள் பச்சை பூக்கும். சாயங்காலம் காய்ந்த பிரஷால் தட்டி, மூடி போட்டு, டப்பாவில் வைக்கிறேன். தகரக் கொட்டகையில் மதியம் சூடேறின பேட்டரியை உடனே சார்ஜில் போடுவதில்லை, நிழலில் ஆறவிடுகிறேன். கடல் தண்ணீரில் விழுந்த பேட்டரியைக் காயவைத்துத் திரும்ப மாட்டுகிற யோசனையே வேண்டாம், உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். இரண்டு ரம்பத்துக்குமான நோய் கீழ் கார்டு. உப்பும் மரத்தூளும் சேர்ந்து பசை போலப் பிடித்து, கார்டு பாதியில் நின்றுவிடும். தேங்காயெண்ணெய் விட்டால் தூள் இன்னும் ஒட்டும். காலையில் பேட்டரி மாட்டுவதற்கு முன் கார்டைத் திறந்து விட்டுப் பார்ப்பேன், டக்கென்று மூடணும். மூடாவிட்டால் துடைத்த பிறகுதான் வேலை.

இதெல்லாம் இரண்டு தடைக்கால அனுபவம்தான். வயர் ரம்பத்தை நான் விற்கவில்லை. வீட்டுப் பட்டறையில் கனத்த சட்டம் கிழிக்க அதுதான். அங்கே பிளக் எனக்கு எதிர்ச் சுவரில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பக்கத்தில் வேறு பிளக் எதுவும் மாட்ட விடுவதில்லை.