போஸ்ட்கிரெஸ், இசட்எஃப்எஸ் கம்ப்ரஷன்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

எங்கள் அலுவலகத்தில் வண்டிகளின் ஜிபிஎஸ் பதிவுகள் எல்லாம் ஒரே டேட்டாபேஸில் வந்து விழும், போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்கிற மென்பொருளில் ஓடுவது. 2022 நடுவில் அது 390 ஜிபியைத் தொட்டது. சர்வரில் இருந்ததோ 480 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு, மிரர் போட்டு, அதாவது இரண்டிலும் ஒரே டேட்டா. புது டிஸ்க் கேட்டால் "அடுத்த வருட பட்ஜெட்டில் பார்க்கலாம்" என்பார்கள். அதனால் கேட்கவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டேட்டாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, வழக்கமான ஃபைல்சிஸ்டமான இஎக்ஸ்டி4-ஐ அழித்து, உபுண்டு 22.04-இல் இசட்எஃப்எஸ் (ZFS) போட்டேன். டேட்டாவைத் தானே சுருக்கி (கம்ப்ரஷன்) எழுதும் ஃபைல்சிஸ்டம் அது.

போஸ்ட்கிரெஸிலேயே கம்ப்ரஷன் இருக்கிறதே என்று கேட்கலாம். டோஸ்ட் என்கிற அந்த வசதி, ஒரு வரிசை ஏறத்தாழ 2 கேபியைத் தாண்டினால்தான் வேலை செய்யும். எங்கள் வரிசைகள் நூறு பைட் சொச்சம்தான்: வண்டி எண், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம். ராத்திரி நிறுத்தி வைத்த லாரி விடியும்வரை கிட்டத்தட்ட ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். டோஸ்ட் அதைக் கண்டுகொள்ளாது. ஃபைல்சிஸ்டத்துக்கோ அது அல்வா சாப்பிடுகிற மாதிரி.

அப்படித்தான் நினைத்தேன். முதலில் கிடைத்தது வெறும் 1.6 மடங்கு.

தப்பு என்னுடையதுதான். போஸ்ட்கிரெஸ் டேட்டாவை 8 கேபி பக்கங்களாக எழுதும், எனவே இசட்எஃப்எஸ் ஒரே துண்டாகச் சுருக்கி எழுதும் அளவான ரெக்கார்டுசைஸையும் 8 கேபி வைத்தேன். பொருத்தம் பார்த்துச் செய்ததாகப் பெருமை வேறு. ஆனால் டிஸ்கில் இடம் ஒதுக்குவது 4 கேபி கட்டங்களில். 8 கேபி ரெக்கார்டு சுருங்கி 3 கேபி ஆனாலும் 4 பிடிக்கும். 5 கேபி ஆனால் மறுபடி 8-தான். ஆக, எந்தக் கம்ப்ரஷன் போட்டாலும் இரண்டு மடங்கைத் தாண்டவே முடியாது. ரெக்கார்டுசைஸை 32 கேபி ஆக்கி, எல்இசட்4 (LZ4) என்கிற கம்ப்ரஷன் முறைக்குப் பதில் இன்னும் நன்றாகச் சுருக்கும் இசட்எஸ்டிடி (zstd) வைத்தேன். ஒரு வாரம் பார்த்தேன், பழைய டேட்டா அசையவில்லை. அப்புறம்தான் உறைத்தது: இந்த மாற்றங்கள் எதுவும் ஏற்கெனவே எழுதிய ஃபைல்களைத் தொடாது. டேட்டாபேஸை நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு டேட்டாசெட் (இசட்எஃப்எஸ்ஸுக்குள் ஒரு தனிப் பிரிவு) உருவாக்கி முழுவதையும் காப்பி செய்தேன். அன்று ராத்திரி 3.1 மடங்கு என்று காட்டியது. இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போனேன்.

வேகத்தில் குறை சொல்ல மாட்டேன். மாதாந்திர அறிக்கை முன்னைவிடச் சீக்கிரம் முடிகிறது, டிஸ்கிலிருந்து படிப்பதே குறைந்துவிட்டதல்லவா. சிபியு கொஞ்சம் கூடுதலாக உழைக்கிறது, பொருட்படுத்தும் அளவில்லை. ஒரே ஒரு டேபிள் படுத்தியது: ஒவ்வொரு வண்டியும் இப்போது எங்கே என்று வைத்திருக்கும் சின்ன டேபிள், நொடிக்கு நொடி மாறும். ஒரு 8 கேபி பக்கம் மாறினாலும் 32 கேபி ரெக்கார்டு முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். அதை மட்டும் 8 கேபி ரெக்கார்டுள்ள தனி இடத்துக்கு (டேபிள்ஸ்பேஸ்) மாற்றிவிட்டேன், சரியாகிவிட்டது.

உண்மையான தலைவலி எண்களில். இன்று போஸ்ட்கிரெஸைக் கேட்டால் டேட்டாபேஸ் 610 ஜிபி என்கிறது, இசட்எஃப்எஸ் 200 என்கிறது. "480 ஜிபி டிஸ்கில் 610 எப்படிடா உட்கார்ந்திருக்கு?" என்று மேலாளர் கேட்டபோது விளக்கிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. டேபிளின் பழைய பகுதி (பார்ட்டிஷன்) ஒன்றை அழித்த அன்று இதற்கு நேர்மாறு: போஸ்ட்கிரெஸில் குறைந்தது, டிஸ்கில் ஒரு ஜிபிகூடத் திரும்பவில்லை. தினமும் எடுக்கும் ஸ்னாப்ஷாட்கள், அதாவது டிஸ்கின் அன்றைய நிலையை அப்படியே வைத்திருக்கும் பிரதிகள், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. இப்போது ஸ்னாப்ஷாட் ஏழு நாளைக்கு மேல் வைப்பதில்லை. பூல் (இசட்எஃப்எஸ்ஸின் மொத்த இடம்) 80 சதவீதத்தைத் தாண்டவும் விடுவதில்லை, இசட்எஃப்எஸ் நிரம்ப நிரம்பத் திணறும்.

போன வருடம் பேக்கப்பை மீட்டெடுத்துச் சோதிக்க வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்தேன். 200 ஜிபிதானே என்று 400 ஜிபி டிஸ்க், வழக்கமான இஎக்ஸ்டி4. பாதி தாண்டியதும் இடமில்லை என்று நின்றுவிட்டது. போதாததற்கு, அமைப்புக் கோப்பை அப்படியே காப்பி செய்திருந்ததால் ஃபுல் பேஜ் ரைட்ஸ் (பக்கம் பாதியில் அறுந்தால் மீட்க, முழுப் பக்கத்தையும் பதிவில் எழுதிவைக்கும் போஸ்ட்கிரெஸ் வசதி) அங்கேயும் அணைந்தே கிடந்தது. இசட்எஃப்எஸ் பழைய இடத்தின் மேல் எழுதாது, அதனால் இங்கே அணைத்து வைத்தால் மாற்றங்களை முன்கூட்டி எழுதும் வால் (WAL) பதிவு குறைகிறது, லாபம். இஎக்ஸ்டி4-இல் அதே அமைப்போடு கரண்ட் போனால் பக்கம் பாதி எழுதிய நிலையில் நின்றுவிடலாம். சோதனையாகப் போயிற்று, தப்பித்தேன்.

இப்போது மீட்புக் குறிப்பின் முதல் வரியில் போஸ்ட்கிரெஸ் சொல்லும் அளவை எழுதி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அதைத் திருத்துகிறேன்.